என் வாயில் இட்ட எலும்பு

இறைவன் என் வேண்டுதலைக் கேட்டான் என்று சொல்லவே உங்கள் முன் நிற்கிறேன். ஆனால் அன்பர்களே, நான் பணிந்து வேண்டவில்லை. சண்டையிட்டு வேண்டினேன். அந்தக் கோபத்தை மறைத்துவிட்டு மீதியை மட்டும் சொன்னால் இது பொய்ச் சாட்சியாகிவிடும்.

சிவகாசியில் நாட்காட்டி அச்சிடும் அச்சகம் ஒன்றில் பிழை திருத்துபவனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். மீசை முளைக்கும் முன்பே பதிகம் ஓதத் தொடங்கியவன். எங்கள் தெருச் சிவன் கோயிலில் மார்கழி விடியலில் முதல் பாட்டை எடுப்பது என் தொண்டு. சம்பளமில்லை, பட்டமில்லை. அந்தத் தொண்டு ஒன்றுதான் என் சொத்து.

ஈறு நோய் வந்து மேல்வரிசையின் முன்பற்கள் போயின. செயற்கைப் பல்செட்டு மாட்டிக்கொண்டேன். இரண்டாயிரத்து ஐந்தாம் ஆண்டு மார்கழியில், கோயில் நிறைந்த கூட்டத்தின் நடுவே, உச்சத்தில் குரலை நிறுத்தி இழுத்த நேரத்தில் அந்தச் செட்டு கழன்று என் கைத்தாளத்தின் மேல் விழுந்தது. ணங் என்று ஓசை.

விஸ்வநத்தத்துப் பட்டாசுக் கம்பெனியில் ஆட்களை மேற்பார்க்கும் போர்மேனாக இருக்கும் சங்கரபாண்டி வாயைத் திறந்தார். "அண்ணாச்சி, எல்லாரும் முடிதான் காணிக்கை குடுப்பாக. நீங்க பல்லையே குடுத்துட்டீகளே!"

கோயிலே சிரித்தது. குருக்களும் சிரித்தார். அதை நான் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாதது, பூசை முடிந்து அதே சங்கரபாண்டி கனிவாகச் சொன்னதுதான்: "ஒங்களுக்கும் வயசாயிருச்சுல்ல அண்ணாச்சி. அடுத்த மார்கழிக்கு டேப்பு போட்டுக்கிருவோம். நீங்க வந்து சும்மா ஒக்காருங்க, போதும்."

சும்மா உட்காருவதாம்! வீட்டுக்கு வந்து பூசையறைக் கதவைச் சாத்தினேன். விளக்கேற்றவில்லை. நின்றபடியே ஈசனிடம் கேட்டேன். "இந்த வாய் உனக்கு வேண்டுமா, வேண்டாமா? வேண்டாமென்றால் இப்போதே சொல்லிவிடு. வேண்டுமென்றால் இதற்கு ஆகாதது எதுவாயினும் நீயே எடுத்துப் போட்டுவிட்டு, என்னைப் பாட விடு." கும்பிடாமலே வெளியே வந்தேன். இந்தச் சொற்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் மறந்துவிட்டேன், அவன் மறக்கவில்லை.

மதுரையில் ஒரு பல் மருத்துவர் எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்தார். "ஐயா, தாடையில திருகு பதிச்சு அதுமேல பல் கட்டலாம். கழலவே கழலாது. ஆனா ஒங்க மேல்தாடை எலும்பு கரைஞ்சு தகடு மாதிரி ஆயிருச்சு. திருகு நிக்காது. மொதல்ல எலும்பு வச்சு, அது ஒங்க எலும்போட சேர்ந்து கெட்டியான பெறகுதான் திருகு" என்றார்.

எலும்பு வைப்பது என்றால் ஒரு வெள்ளைத் தூள். சின்னக் குப்பியில் வருகிறது. ஈற்றைக் கீறி, அந்தத் தூளை எலும்பின் மேல் நிரப்பி, மூடித் தையல் போடுகிறார்கள். ஆலையில் செய்த மருந்துப் பொருள் என்றே நினைத்தேன். ஒப்புக்கொண்டேன். மாசி மாதத்தில் வைத்தார்கள். தையலில் கையோ நாக்கோ படக்கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள்.

என் மனைவி செண்பகம் இருக்கன்குடி மாரியம்மனையன்றி வேறு மருத்துவரை நம்பாதவள். எனக்காக நடந்தே போய் வேண்டிக்கொண்டு திருநீறு வாங்கி வந்தாள். எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். நோயாளிக்கு நெற்றியில் பூசிவிட்டு, நாக்கிலும் ஒரு துளி வைப்போம். அவள் அதோடு நிற்கவில்லை. வலி மாத்திரை போட்டு நான் மதியம் அயர்ந்து தூங்கிய நேரத்தில் உதட்டைத் தூக்கி, தையலின் மேலேயே அழுத்தித் தேய்த்துவிட்டாள்.

சில நாட்களில் கன்னம் வீங்கியது. சீழ் வைத்தது. ஒரு காலையில் தையல் விட்டு, வெள்ளை மணல் போல ஏதோ நாக்கில் உதிர்ந்தது. அப்போதுதான் அவள் செய்ததைச் சொன்னாள்.

நான் கத்திய கத்தலில் அடுத்த வீட்டார் வாசலுக்கு வந்துவிட்டார்கள். "புண்ணில் சாம்பலை வைத்துத் தேய்ப்பாயா? இத்தனை வேதனையும் வீணாகிவிட்டதே! உன் ஆத்தாள் கொடுத்த சாம்பல் என் வாயைக் கெடுத்துவிட்டதே!"

செண்பகம் அசரவில்லை. "ஆத்தா திருநீறு யாரையும் கெடுத்ததில்ல. கெட்டது ஏதும் உள்ள இருந்துருக்கும், வெளிய தள்ளியிருக்கா. அம்புட்டுதான். நீங்க கத்துறத நிப்பாட்டுங்க, மிச்சத் தையலும் விட்டுறப் போகுது."

பிதற்றுகிறாள் என்று எண்ணினேன். அவளோடு பேசாமலே மதுரைக்குப் பேருந்து ஏறினேன். பக்கத்து இருக்கையில் அவளும் பேசாமல் வந்தாள்.

புண்ணைச் சுத்தம் செய்த உதவி மருத்துவர் ஓர் இளம்பெண். வெளியே எடுத்த தூளைத் தட்டில் போட்டாள். வாய் வலியோடு, எதற்கென்றே தெரியாமல் கேட்டேன். "இது எதில் செய்ததம்மா?"

"மாட்டெலும்பு ஐயா. சூடு பண்ணி, சுத்தம் பண்ணி வரும். நெறைய பேருக்கு இதுதான் வைக்கிறோம்."

புலால் தொடாத குடும்பத்தில் பிறந்தவன் நான். பசுவை வலம் வந்து வணங்கிவிட்டுப் பாடப் போகிறவன். அந்த வாயில், ஈசன் பெயரைச் சொல்லும் அந்த வாயில், எனக்குத் தெரியாமல் மாட்டெலும்பு! அந்தத் தூளோடு நான் நாள்தோறும் திருநாமம் சொல்லியிருக்கிறேன்.

பெரிய மருத்துவரை அழைத்தேன். "ஏன் சொல்லவில்லை?"

"நீங்க கேட்டிருந்தா சொல்லியிருப்பேன் ஐயா."

"வாயைத் திறந்துகொண்டு கிடக்கிறவன் கேட்க வேண்டுமா, வைக்கிற நீங்கள் சொல்ல வேண்டுமா? கையெழுத்து வாங்கிய ஆங்கிலத் தாளில் எழுதியிருக்கும் என்பீர்கள். எனக்குத் தமிழ் தெரியும், உங்களுக்கும் தெரியும். இரண்டு சொல்தானே!"

அவர் தலைகுனிந்தார். அதற்காக அவரை இன்று மதிக்கிறேன். ஆனால் செய்த தவறு தவறுதான். அதை மன்னித்துவிட்டேன் என்று இங்கே நான் நாடகமாடப் போவதில்லை.

பின்னால் நின்ற செண்பகம் என் தோளைத் தொட்டாள். "நாஞ் சொன்னேன்ல" என்றாள்.

அந்த நேரத்தில்தான், பூசையறையில் நான் வீசியெறிந்த சொற்கள் திரும்பி வந்து என்னைத் தாக்கின. இந்த வாய்க்கு ஆகாதது எதுவாயினும் நீயே எடுத்துப் போடு. எடுத்துப் போட்டிருக்கிறான்! நான் ஈசனிடம் சண்டையிட்டேன். ஆத்தாள் வந்து எடுத்தாள். பசுவின் சாணத்தில் பிறந்த நீறு, பசுவின் எலும்பை வெளியே தள்ளியிருக்கிறது. அவன் கணக்கு அது. அந்த நாற்காலியில் சாய்ந்தபடியே, சீழும் இரத்தமுமாக இருந்த வாயோடு அழுதேன். மருத்துவர் வலி என்று நினைத்து இன்னொரு ஊசி போட்டார்.

"வேறு வழி இருக்கிறதா?" என்றேன்.

"ஒங்க கீழ்த்தாடை பின்பக்கத்துலருந்து ஒங்க எலும்பையே எடுத்து மேல வைக்கலாம். ரெண்டு எடத்துல வலிக்கும் ஐயா. இந்த வயசுல சேருமான்னு உறுதி சொல்ல முடியாது."

"வலிக்கட்டும்" என்றேன்.

புண் ஆறிய பின், ஆனியில் செய்தார்கள். கண்மணி போல் காத்தேன். எலும்பு கெட்டிப்படுவதற்குள் மார்கழி வந்துவிட்டது. கோயிலில் டேப்பு பாடியது. தூணோரம் நின்று, பல்லில்லாத வாயை மூடிக்கொண்டு, எவரோ பாடியதைக் கேட்டேன். "இன்னும் எத்தனை நாள்?" என்று ஈசனை முறைத்தேன். நன்றியும் இருந்தது, கோபமும் இருந்தது. இரண்டும் ஒரே நெஞ்சில் இருக்க முடியும் என்று அன்று அறிந்தேன்.

தை மாதம் படம் எடுத்தார்கள். எலும்பு எலும்போடு சேர்ந்திருந்தது. திருகு பதித்தார்கள். அதுவும் நின்றது. பல் கட்டினார்கள்.

அடுத்த மார்கழி முதல் நாள், இருள் பிரியும் முன் கோயிலுக்குள் நுழைந்தேன். ஒலிபெருக்கி முழங்கிக்கொண்டிருந்தது. என்னைக் கண்ட சங்கரபாண்டிதான் முதலில் கத்தினார். "ஏலே, டேப்ப நிப்பாட்டுலே! அண்ணாச்சி வந்துட்டாக!" பிறகு என் கைத்தாளத்தை உற்றுப் பார்த்து, "இந்தத் தடவ ஏதும் விழாதுல்ல?" என்றார்.

"விழாது. என் எலும்பில் நிற்கிறது" என்றேன். பாட்டை எடுத்தேன். எலும்பு உருகப் பாடுவது என்று அடியார்கள் சொல்வார்களே, அதன் பொருள் அன்றுதான் என் தாடைக்குப் புரிந்தது.

அன்பர்களே, புண்ணில் திருநீற்றைத் தேய்க்காதீர்கள். அது நெற்றிக்குரியது. என் விஷயத்தில் ஆத்தாள் அதை ஏற்றுக்கொண்டாள், அதை மருத்துவமாக்கிவிடாதீர்கள். உங்கள் உடம்பில் எதை வைக்கிறார்கள் என்று வாய் திறந்து கேளுங்கள். அவர்கள் முகம் சுளித்தாலும் கேளுங்கள்.

கோபம் வந்தால் அதைக் கோயில் வாசலில் செருப்போடு கழற்றி வைக்க வேண்டாம். உள்ளே கொண்டு போங்கள். அவன் முகத்துக்கு நேரே சொல்லுங்கள். என்னைப் போல் விளக்கேற்றாமல் நின்று கத்தியவனின் சொல்லையே அவன் எழுத்துப் பிசகாமல் நிறைவேற்றினான் என்றால், உங்கள் சொல்லை விட்டுவிடுவானா?

நான் இன்றும் அவனோடு சண்டை போடுகிறேன். இப்போது பாடிக்கொண்டே போடுகிறேன்.