கோழிச்சீக்கு வந்த ஐப்பசி

ஈரம் ஊறிய கோழிக்கூட்டைத் திறந்ததும் முகத்தில் வந்து அடிக்கும் அந்தக் காரநெடி, கண்ணைக் கரிக்கவைத்து, மூக்குக்குள் போய் உட்கார்ந்துகொண்டு, பள்ளிக்கூடம் வரைக்கும் என்னுடனே வரும். எழுபதுகளின் கடைசியில், காரைக்காலை ஒட்டிய தருமபுரத்தில், எங்கள் வீட்டுக் கொல்லையில் இருந்த கூட்டைச் சுத்தம் செய்வது என் வேலையாக இருந்தது. விடிந்ததும் கோழிகளை வெளியே விட்டுவிட்டு, பலகையில் ஒட்டிக் கிடக்கும் "கோழிப்பீ"யைப் பழைய தோசைக்கரண்டியால் சுரண்டி அள்ளி, வாழைகளுக்கு அப்பால் இருந்த குழியில் கொட்டி மண் தள்ள வேண்டும். பிறகு பலகையில் அடுப்புச் சாம்பலைத் தூவி, மேலே உமி பரப்ப வேண்டும். வெயில் காலத்தில் விளையாட்டுப்போல முடிந்துவிடும் வேலைதான். ஐப்பசி அடைமழை பிடித்துக்கொண்டால் எதுவும் காயாது.

அப்படி ஓர் ஐப்பசியில்தான் "கோழிச்சீக்கு" வந்தது. அப்பா விழிதியூரில் வாத்தியாராக இருந்தார். சாயங்காலம் சைக்கிளை நிறுத்தும்போதே, இன்றைக்கு யார் வீட்டில் கோழிகள் கழுத்துத் திருகி விழுந்தன என்ற செய்தியோடுதான் வருவார். அடுத்து அது எங்கள் தெருக்கோடிக்கு வந்தது. எங்களுக்கு அது வெறும் கோழிகளைப் பற்றிய கவலை இல்லை. என் தம்பி சேகர் நெடுநாள் காய்ச்சலில் கிடந்து, அப்போதுதான் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கத் தொடங்கியிருந்தான். எதைக் கொடுத்தாலும் வாந்தி எடுத்தவன் வயிற்றில் அரைவேக்காட்டு முட்டை மட்டும் தங்கியது. அம்மா என்னிடம் சொல்லியிருந்தாள்:

"சுரண்டுறதுக்கு முன்னாடி நல்லா பாருடி. பச்சையாவோ வெள்ளையாவோ தண்ணியா இருந்தா தொடாத. என்னைக் கூப்புடு."

அன்றிலிருந்து கரண்டியை எடுப்பதற்கு முன்னால் பலகையைத்தான் பார்ப்பேன். அரையிருட்டில் எல்லாமே பச்சையாகத் தெரியும். சாதாரணமாகவே எச்சத்தின் மேல் கொஞ்சம் வெள்ளை இருக்குமே, இது அந்த வெள்ளையா, சீக்கு வெள்ளையா என்று குனிந்து பார்த்துக்கொண்டே நிற்பேன்.

கிளுவை வேலிக்கு அந்தப் பக்கம் லூர்தக்கா வீடு. அவருடைய கணவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் "சொல்தா"வாக, அதாவது சிப்பாயாக, இருந்து காலமானவர், மகன் பிரான்சில். அவ்வளவு பெரிய வீட்டில் தனியாக, நாளெல்லாம் கோழிகளோடு பேசிக்கொண்டிருப்பார். அந்தக் கோழிகள் ஒவ்வொன்றாக விழுந்தன. அடைகாத்துக்கொண்டிருந்த கருங்கோழி ஒன்றுதான் மிஞ்சியது. ஒரு காலையில், தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு வேலியோரம் வந்து நின்று, அந்தக் கோழியைக் கொஞ்ச நாளைக்கு எங்கள் கூட்டில் வைத்துக்கொள்ள முடியுமா என்று அம்மாவிடம் கேட்டார்.

அம்மா கொல்லைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற சேகரைத் திரும்பிப் பார்த்தாள்.

"கோழி வேண்டாங்க்கா. முட்டைய மட்டும் குடுங்க. எங்க பெட்டை ஒண்ணும் அடைக்கு உக்காந்திருக்கு."

லூர்தக்கா கூடையில் வைத்து நீட்டிய முட்டைகளை அம்மா வெந்நீரில் பிழிந்த துணியால் துடைத்து, எங்கள் அடைக்கோழியின் கீழ் வைத்தாள். இரண்டாம் நாள் லூர்தக்காவின் கருங்கோழி செத்துப்போனது. அதற்குப் பிறகு நான் கூட்டைத் திறப்பதற்கு முன்னால் சாமி கும்பிடத் தொடங்கினேன்.

ஆனாலும் ஒரு நாள் பலகையில் அதைப் பார்த்தேன். பச்சையும் வெள்ளையும் கலந்து, தண்ணீராய். சந்தேகப்பட எதுவும் இல்லை. செவலைப் பெட்டை மூலையில் சிறகைச் சிலிர்த்துக்கொண்டு நின்றது. அம்மா வந்து பார்த்துவிட்டு அதைத் தனியாக ஒரு கூடைக்குள் கவிழ்த்துவைத்தாள். மத்தியானத்துக்குள் அது செத்துவிட்டது. வாழைக்குப் பின்னால் ஆழமாகத் தோண்டி, சுண்ணாம்பு போட்டுப் புதைத்தாள். கூட்டைக் கழுவி, பலகைக்கெல்லாம் சுண்ணாம்பு அடித்தாள். அடைக்கோழியை முட்டைகளோடு சமையல்கட்டு மூலைக்கு மாற்றினாள். சீக்கு முட்டையோடு வந்ததா, காக்கை கொண்டுவந்ததா, மழைத்தண்ணீரில் வந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

"லூர்தக்கா கேட்டா கீரி புடிச்சிட்டுதுன்னு சொல்லு. அவங்க முட்டையால வந்துச்சுன்னு நெனச்சா தாங்க மாட்டாங்க" என்றாள் அம்மா.

சாயங்காலம் செவலையைக் காணோமே என்று அவர் கேட்டபோது அப்படியே சொன்னேன். சரி என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

மறுநாள் காலையில் வேலிக்காலில் ஒரு பை தொங்கியது. உள்ளே நன்றாகக் காய்ந்த சாம்பலும் உமியும். எங்கள் வீட்டுச் சாம்பலெல்லாம் சாரலில் நனைந்து கூழாகிக் கிடந்த நேரம் அது. அம்மா லூர்தக்காவை அருகே கூப்பிட்டாள். அவர் தன் வீட்டுப் பின்கட்டிலிருந்தே அம்மாவைப் பெயர் சொல்லிப் பேசினார்:

"நான் கிட்ட வரல செல்வி. என் கால்ல என்ன ஒட்டிக்கிட்டிருக்கோ."

மழை விடும்வரை தினமும் ஒரு பை தொங்கியது. அவர் மட்டும் வேலிப் பக்கம் வரவே இல்லை. நான் காய்ந்த சாம்பலைக் கை நிறைய அள்ளி அள்ளித் தூவினேன். ஒவ்வொரு விடியலும் பயத்தோடுதான் திறந்தேன்; மற்ற கோழிகள் தப்பின. சேகருக்கு முட்டை ஒரு நாளும் நிற்கவில்லை. சமையல்கட்டில் குஞ்சு கத்தியதை முதலில் கேட்டவனும் அவன்தான்.

வெயில் வந்த பிறகு அம்மா குஞ்சுகளைக் கூடையில் வைத்து வேலிக்கு மேலாக நீட்டினாள். லூர்தக்கா பாதியை எடுத்துக்கொண்டு, மீதி சேகருக்கு என்று கூடையைத் திருப்பித் தள்ளினார். பிறகு மெதுவாகச் சொன்னார்:

"கீரி புடிச்சிட்டுதுன்னு பாப்பா சொன்னுச்சு. நீ குழி வெட்டுனப்ப நான் ஜன்னல்லதான் நின்னுக்கிட்டு இருந்தேன், செல்வி."

அம்மா தலை நிமிரவில்லை. லூர்தக்கா வேலிக்கு மேலே கையை நீட்டி அவள் கன்னத்தைத் தொட்டுவிட்டுப் போனார்.

எண்பதுகளில் மகன் வந்து லூர்தக்காவைப் பிரான்சுக்கு அழைத்துப் போய்விட்டான். அம்மாவும் இப்போது இல்லை. கூடு இருந்த இடத்தில் தண்ணீர் மோட்டார் இருக்கிறது. கிளுவை வேலி போய், இரண்டு வீட்டுக்கும் நடுவே ஆள் உயரத்துக்கும் மேலே சுவர் எழுந்துவிட்டது. அந்த வீடு பல காலமாகப் பூட்டிக் கிடக்கிறது. போன மழையில் கொல்லையில் நின்றபோது சுவருக்கு அப்பால் யாரோ விடாமல் இருமுகிற சத்தம் கேட்டது. யாருங்க என்று இரண்டு முறை கேட்டேன். இருமல் மட்டும் நின்றது. எட்டிப் பார்க்கவோ, லூர்தக்காவைப்போல ஒரு பையைத் தொங்கவிடவோ வழியில்லாமல் நனைந்துகொண்டே நின்றேன்.