பிஸ்தாவின் இடது காது

அமராவதிக்கு மனித முகங்கள் சட்டென்று பிடிபடாது. ஆட்டின் காதைக் காட்டினால் யார் வீட்டு ஆடு என்று சொல்லிவிடுவாள். பொன்னமராவதிக்குத் தெற்கே ஏழெட்டு ஊர்களில் குட்டிகளுக்குக் காதுக்குறி போடுகிறவள் அவள்தான். வலது காதின் கீழ்விளிம்பில் ஒரு வெட்டு என்றால் மூக்கன் வீடு. இரண்டு வெட்டு இருளாயி வீடு. இடது காதின் நுனியையே நறுக்கியிருந்தால் அது எந்த வீடும் இல்லை. கருப்பருக்கு நேர்ந்துவிட்ட உருப்படி. அது யார் கடலைக் கொல்லையில் இறங்கினாலும் விரட்ட மாட்டார்கள். யாரும் பிடித்துக் கட்டவும் மாட்டார்கள். கட்டினால் அந்த வீடு விளங்காது.

ஒருமுறை ஆடு திருடிய வேன் ஒன்றைப் பிடித்து ஸ்டேஷன் வாசலில் நிறுத்தியிருந்தார்கள். பதினோரு ஆடுகளையும் காதைத் தடவித் தடவியே பிரித்துக் கொடுத்தாள். இன்ஸ்பெக்டர் டீ வாங்கிக் கொடுத்தார். அதை அவள் யாரிடமும் தானாகச் சொன்னதில்லை. அவள் கணவர் நாகராசு சொல்லாத ஆள் இல்லை.

ஐம்பத்தாறாவது வயதில், போன மாசி மாதம், முதல்முறையாகச் சென்னைக்கு வந்தாள். ஒரே மகள் வனிதா அங்கே ஆறு வருடமாக வேலை பார்க்கிறாள். சமீபமாகப் போனில் கேட்டதற்கு மட்டும்தான் பதில். மனசு கேட்காமல் அமராவதி நாற்பது ஆடுகளை நாகராசுவிடம் ஒப்படைத்துவிட்டு ரயிலேறிவிட்டாள்.

மகளின் வீட்டில் ஒரு தட்டும் ஒரு டம்ளரும்தான் புழங்கிய கறையோடு இருந்தன. மற்றவை அமராவதி வாங்கிக் கொடுத்தபோது ஒட்டியிருந்த ஸ்டிக்கரோடு அப்படியே இருந்தன. அமராவதி ஸ்டிக்கரை உரித்தாள். கழுவி வைத்தாள்.

சனிக்கிழமை வனிதா அம்மாவை நாய்கள் இருக்கும் காபிக் கடைக்குக் கூட்டிப்போனாள். செருப்பைக் கழற்றி, கையைக் கழுவி, உள்ளே போனால் குளிரூட்டிய அறையில் பத்துப் பன்னிரண்டு நாய்கள் சோபாவில் படுத்திருந்தன. மனிதர்கள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள்.

“இதுகள்லாம் எதைக் காக்குது?” என்றாள் அமராவதி.

“ஒண்ணையும் காக்கல. சும்மா இருக்குதுங்கம்மா.”

“சும்மா இருக்குறதுக்கா இம்புட்டு ஒசரம் வளந்துச்சு?”

ஒட்டிய வயிற்றோடு ஒரு நெட்டை நாய் வந்து அவள் மடியில் தலையை வைத்தது. அவள் வழக்கப்படி அதன் இரண்டு காதுகளையும் விரித்துப் பார்த்தாள். குறி ஒன்றும் இல்லை. அன்று அவள் இரண்டு காபி குடித்தாள்.

மறுநாள் பூனைக் கடை. கதவைத் திறந்ததும் கல்லாவில் இருந்த இளைஞன், “வனிதா, இன்னைக்கு லேட்டு!” என்றான். அவன்தான் கடையை நடத்தும் வசந்த். இத்தனை பெரிய ஊரில் மகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஓர் ஆள் இருப்பதை அமராவதி அப்போதுதான் பார்த்தாள். வனிதா ஒவ்வொரு ஞாயிறும் இங்கேதான் வருகிறாள் என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

சாம்பல் நிறப் பூனை ஒன்று மேஜைகளின் மேலாகவே நடந்து வந்து வனிதாவின் தோளில் ஏறிக் கழுத்தில் முகத்தைப் புதைத்தது.

“பிஸ்தாம்மா இது. இதை நான் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகப் போறேன். தத்து குடுக்குறாங்க. ஆனா பொறுப்புக்கு ஒங்க கையெழுத்து வேணும்.”

மகளின் குரலில் பழைய வேகம் இருந்தது. அதைக் கேட்டுக்கொண்டே அமராவதி பூனையின் காதைப் பார்த்தாள். இடது காதின் நுனி நேர்கோடாக நறுக்கப்பட்டிருந்தது. எழுந்து நின்றுவிட்டாள்.

அறையைச் சுற்றிப் பார்த்தாள். அலமாரி மேல் ஒன்று, நாற்காலியில் இரண்டு, ஜன்னலில் ஒன்று. ஒன்றுக்குமே இடது காது நுனி இல்லை. ஒருவர் தட்டில் ஒரு பூனை வாய் வைத்தது. அவர் விரட்டவில்லை, தட்டைத்தான் நகர்த்திக்கொண்டார்.

“தம்பி, இதெல்லாம் எந்தக் கோயிலுக்கு விட்டது?” என்று கேட்டாள்.

வசந்துக்குப் புரியவில்லை. வனிதாவுக்குப் புரிந்துவிட்டது. “ஐயோ அம்மா” என்று தலையில் கை வைத்தாள்.

“எறக்கி விடுடி. சாமி உருப்படி. அதை வீட்டுல அடைச்சு வச்சு நீ நல்லா இருந்துருவியா? நீ தனியா இருக்குறது பத்தாதா? நான் கையெழுத்துப் போட மாட்டேன்.”

வனிதா பூனையை இறக்கவில்லை. அவள் கண் கலங்குவதைப் பார்த்து வசந்த் அவசரமாக வந்தான். தெருவில் கிடந்த பூனைகளைப் பிடித்துக்கொண்டு போய்க் குட்டி போடாமல் இருக்க ஆபரேஷன் செய்ததையும், மறுபடி யாரும் பிடித்து வயிற்றைக் கிழித்துவிடக் கூடாது என்று மயக்கத்திலேயே காதில் அடையாளம் வைப்பது வழக்கம் என்பதையும் விளக்கினான். அமராவதி குறுக்கே பேசாமல் கேட்டாள். பிறகு பூனையின் காதைக் கட்டைவிரலால் தடவினாள்.

“வெட்டு சுத்தமா இருக்கு. சீழ் வைக்கல” என்றாள். “அப்ப சாமியோடது இல்ல.”

“இல்லம்மா” என்றான் வசந்த்.

“அப்ப ஆளோடது. குறி போடக் கொண்டுபோனது யாரு?”

“நான்தான். மழையில ஒரு காருக்கு அடியில கெடந்துச்சு.”

“அப்ப ஒங்க உருப்படி. நீங்க விட்டாத்தானே அவ எடுக்க முடியும்?”

“ஃபார்ம்ல எழுதியிருக்கேனேம்மா.”

“காயிதத்துல ஆயிரம் எழுதலாம். எங்கிட்டுக் கேட்டாலும் இதுதான் மொற. கைமாறுறப்ப விக்கிறவரு துரும்பைக் கிள்ளிப் போட்டு வாயால சொல்லணும், இனி என்னோடது இல்லைன்னு. அதுக்கப்பறம்தான் கயித்தை அவுப்போம்.”

“அம்மா, மானத்தை வாங்காதீங்க” என்றாள் வனிதா.

வசந்த் துரும்புக்கு எங்கே போவான்? சுற்றிப் பார்த்துவிட்டுக் காபி கலக்கும் மரக்குச்சி ஒன்றை எடுத்துவந்தான். அதை ஒடித்துக் கீழே போட்டுவிட்டு, “பிஸ்தா இனி என்னோடது இல்ல” என்றான். சொல்லும்போதே சிரித்துவிட்டான்.

“சிரிக்காம சொல்லுங்க. அதுக்கும் கேக்கணும்ல.”

இன்னொரு குச்சியை எடுத்தான். இந்த முறை பூனையைப் பார்த்துக்கொண்டு ஒடித்தான். பாதியில் குரல் இறங்கிப்போனது. சொல்லி முடித்ததும் திரும்பிப் போய் அதன் சாப்பாட்டுக் கிண்ணத்தை எடுத்துவந்து, பூனையைக் கொண்டுபோக வைத்திருந்த கூடைக்குள் வைத்தான். எட்டு மாதம் ராத்திரியும் பகலும் பார்த்துக்கொண்டவன்.

“ஃபார்ம்ல என்ன போட்ருக்கு, வாசி” என்றாள் அமராவதி.

வனிதா வாசித்தாள். தத்து எடுப்பவரால் வளர்க்க முடியாமல் போனால் இந்தப் பிராணியின் பொறுப்பை நான் ஏற்றுக்கொள்வேன். அமராவதி வசந்தின் பேனாவை வாங்கி, தன் பெயரின் ஐந்து எழுத்தையும் ஒவ்வொன்றாக எழுதினாள்.

ஆட்டோவில் கூடையைத் தன் மடியிலேயே வைத்துக்கொண்டாள். மகள் கேட்டும் தரவில்லை. பாலம் தாண்டியதும் சொன்னாள்:

“ஒன்னால முடியலைன்னா இது என்கிட்ட வரும். நாப்பதோட நாப்பத்தொண்ணு. ஒனக்கே முடியலைன்னாலும் நீயும் வந்துரு ஆத்தா. அதுக்குக் கையெழுத்தெல்லாம் வேணாம்.”

வனிதா குனிந்து கூடையின் மேல் நெற்றியை வைத்துக்கொண்டாள். உள்ளேயிருந்து பூனை கத்தியது.

“முட்டாதடி” என்றாள் அமராவதி. “அது பயப்படுது.”