தேயிலைப் பெட்டிக்குள் இருந்தவர்

1956 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் நாலே கால் மணி. நோர்வூட்டில் மெல்லிய தூறல். எங்கள் தேயிலைத் தோட்டத்தில், காலையில் ஆளெடுக்கும் பெரட்டுக் களத்தில், கொழும்பு மேடைகளில் பேர்பெற்ற தப்பிக்கும் வித்தைக்காரர் ஒருவர் கைவிலங்கோடு தேயிலைப் பெட்டிக்குள் மடங்கி உட்கார்ந்தார். உயரம் நாலே முக்கால் அடிதான். பெட்டிக்குள் இறங்குமுன் கழுத்துப் பொத்தானைப் பூட்டிக்கொள்வது அவர் வழக்கமாம்.

தொழிற்சாலையில் பெட்டி அடிப்பவன் கப்பலுக்குப் போகும் பெட்டியைப் போலவே ஈயத்தாளை இடைவெளியின்றி மடித்து மூடி, பதினாறு ஆணி அடித்துவிட்டான். தொழிற்சாலைக் கிளாக்கரான நான் அவனிடம் ஓடினேன்.

"அடேய், உள்ளே காத்துப் போகாதேடா!"

"காத்துப் போனா தேயிலைத் தூள் கெட்டுப் போகுங்களே, கிளாக்கரய்யா" என்றான். சொன்ன பிறகுதான் அவன் முகம் வெளுத்தது.

இரண்டு நிமிடத்தில் வெளியே வருவதாக வித்தைக்காரர் சொல்லியிருந்ததால் பொறுத்துப் பார்த்தேன். இருநூற்றைம்பது வரை எண்ணிவிட்டேன், பெட்டி அசையவில்லை. அதுவும் வித்தைதான் என்று சனம் கைதட்டியது. நானே கோடரியை வாங்கி உடைத்தேன்.

அவர் உதடு நீலம் பாய்ந்திருந்தது. ஒரு கை மட்டும் விலங்கிலிருந்து விடுபட்டிருந்தது.

"ஏங்க தட்டலை?" என்று கத்தினேன்.

"தட்டினா தெறந்துருவீங்களே" என்றார் மூச்சிரைக்க. "அப்புறம் என்னை யாரு கூப்பிடுவா?"

இன்னும் ஒரு நிமிடம் விட்டிருந்தால் வெளியே வந்திருப்பாரா, செத்திருப்பாரா? அவருக்கும் தெரிந்திருக்காது. பெட்டியை உடைத்ததற்காகத் தோட்டத்துத் துரை என் சம்பளத்தில் ஏழு ரூபா இருபத்தைந்து சதம் பிடித்தார்.