மூன்று வியாழக்கிழமைகளும் பழவேற்காடும்

பழவேற்காடு என்றதும் பூநாரை பார்க்கப் போனேன் என்று நினைத்துவிடாதீர்கள். மன்னிப்புக் கேட்கப் போனேன், போன வியாழக்கிழமை.

நான் சென்னையில் மனநல ஆலோசகர். உயிரோடு இருக்க வேண்டாம் என்று நினைக்கும் வளரிளம் பிள்ளைகளுக்கான வெளிநாட்டுச் சிகிச்சைக் கையேடு ஒன்றை நம் ஊருக்கு ஏற்றபடி மாற்றுவது என் வேலை. மாற்றிவிட்டதாகத்தான் நினைத்தேன். ஜானை முருகனாக்கினேன், பீட்சாவை இட்லியாக்கினேன். இப்போது சொல்லவே கூசுகிறது.

காலை 7.20-க்கு சென்ட்ரலில் கும்மிடிப்பூண்டி ரயில். பொன்னேரிக்குப் பத்து ரூபாய், ஒரு மணி நேரம். மீஞ்சூரில் பாதிப் பெட்டி இறங்கும், அப்போது உட்காரலாம். பொன்னேரியிலிருந்து பேருந்தில் பதினெட்டு கிலோமீட்டர், முக்கால் மணி நேரம். அங்கிருந்து மீனவர் குப்பத்துக்கு ஷேர் ஆட்டோ, இருபது ரூபாய்.

ஆட்டோக்காரர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "நீங்கதான மேடம், ஸ்கூல் ரூம்ல அந்தப் பொண்ண வச்சி கதவ சாத்திக்கினு பேசினது? அதுக்கு இன்னா ஆச்சினு ஊரே கேக்குது. அவங்க நைனா ரெண்டு நாளு வெளிய தல காட்டல."

முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. ஏரியைப் பார்த்தேன்.

அந்தப் பெண்ணை மலர் என்று வைத்துக்கொள்வோம். பதினாறு வயது. வியாழன்தோறும் பள்ளியில் ஓர் அறையில் அவளைப் பார்ப்பதாக ஏற்பாடு. தனியறை, மூடிய கதவு, இருவர் மட்டும் என்பது கையேட்டின் முதல் விதி. ரகசியம் காக்கத்தான் கதவைச் சாத்தினேன். பகலெல்லாம் வாசல்கள் திறந்திருக்கும் ஊரில் சாத்திய கதவுதான் ஆளைக் கூட்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. சாக வேண்டும் போலிருக்கிறது என்று அன்று அவள் சொன்னாள். அம்மாவிடம் பேசினோம், பொன்னேரியில் மருத்துவரிடம் காட்டினோம். அடுத்த வியாழன் அவள் அறைக்கு வரவில்லை. இரண்டு முறை போன் செய்தேன், எடுக்கவில்லை. 'வர விருப்பமில்லை' என்று கோப்பில் எழுதிவிட்டு மூன்று வாரம் அந்தப் பக்கமே போகாமல் நிம்மதியாகத் தூங்கினேன்.

விடாமல் அவளிடம் போய்க்கொண்டிருந்தவர் சபிஹா. பழவேற்காட்டுக்காரர், எங்கள் களப்பணியாளர். கோப்பைப் பார்த்துவிட்டு அவர்தான் கூப்பிட்டார். "வர மாட்டேன்னு அவ சொல்லல மேடம். அந்த ரூமுக்கு வர மாட்டேன்னா. நீங்க வந்து பாருங்க."

கரையில் மலரும் அவள் அம்மாவும் சபிஹாவும் வலையில் சிக்கிய நண்டுகளை எடுத்துக்கொண்டிருந்தார்கள். சபிஹா வலையின் ஓர் ஓரத்தை என் பக்கம் தள்ளினார். கையில் வேலை இருந்தால் முகம் பார்த்துப் பேச வேண்டியதில்லை. பார்ப்பவர்களுக்கும் நாங்கள் வேலை செய்யும் நான்கு பெண்கள்தான். ஒரு நண்டு என் விரலைக் கவ்வியது. மலர் சிரித்துவிட்டாள்.

"பின்னாலேர்ந்து புடிங்க மேடம்."

"தப்பு பண்ணிட்டேன், மலர். மன்னிச்சிடு."

அவள் இரண்டு நண்டுகளை எடுத்துப் போட்டாள்.

"அந்த நெனப்பு இப்பவும் வருதா?"

"வருது. முன்ன மாதிரி இல்ல."

"வந்தா யார்கிட்ட சொல்ற?"

"பாடு வச்சிக்கினோம்."

ஏரியில் எந்த நாள் யார் வலை கட்டுவது என்று மீனவர்கள் முறை வைத்துக்கொள்வார்கள், அதுதான் பாடு. சபிஹா அதை மலருக்கு வைத்திருக்கிறார். நாளுக்கு ஒருவர். அன்று எந்த நேரம் அந்த நினைப்பு வந்தாலும் அவரிடம் போகலாம், அவர் ஏன் என்று கேட்கக் கூடாது.

"திங்க அம்மா, செவ்வா சபிஹாக்கா, பொதன் அத்த. நைனா கூட வெள்ளிக்கெழம எடுத்துக்கினாரு. சனி, ஞாயிறு ஃப்ரெண்டுங்க."

என் கையேட்டில் 'யாரை அழைப்பாய்?' என்று மூன்று கோடு போட்ட பக்கம் உண்டு. அதை அவள் காலியாகத்தான் திருப்பித் தந்திருந்தாள்.

"வியாழன்?" என்றேன்.

"அது உங்க நாளாச்சே. யாருக்கும் குடுக்கல."

மூன்று வியாழன். அந்த நாட்களில் அவளுக்கு ஆளே இல்லை. அம்மா தலைகுனிந்து வலையையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்று மாலைவரை அங்கேயே இருந்தேன். இதை எழுதலாமா என்று மலரையும் அம்மாவையும் கேட்டேன். "எய்துங்க. எம் பேரு, குப்பத்து பேரு வேணாம்" என்றாள் மலர்.

போகிறவர்களுக்கு: குளிர்காலத்தில் காலையிலேயே போய்விடுங்கள், தண்ணீர் கொண்டுபோங்கள். குப்பத்துக்குள் கேட்காமல் படமெடுக்காதீர்கள். உங்கள் வீட்டுப் பிள்ளை சாக வேண்டும் போலிருக்கிறது என்றால் திட்டாதீர்கள், தனியே விடாதீர்கள், அன்றே மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். பாடு வைத்த பிறகும் மலர் பொன்னேரி மருத்துவரிடம் போய்க்கொண்டுதான் இருக்கிறாள்.

திரும்பும் ரயிலில் கோப்பைத் திறந்தேன். 'வர விருப்பமில்லை' என்பதை அடித்துவிட்டு, 'நான் போகவில்லை' என்று எழுதினேன்.