படகை எண்ணினவள்

கடலுக்குப் போன படகை எண்ணினாளாம், அதனால்தான் கடல் ஆளைக் கொண்டுபோனதாம்! எண்ணாமல் இருந்திருந்தால் மட்டும் கடல் அவனைக் கொண்டுவந்து வாசலில் விட்டிருக்குமா? குழாயடியில் பேசுகிறவர்கள் இதற்கு ஒரு பதில் சொல்லட்டும். ரேணுகா எண்ணவில்லை என்று யாரும் சாதிக்கவில்லை. எண்ணினாள். எதற்கு எண்ணினாள் என்று கேட்டுவிட்டுப் பேசட்டும்.

கடப்பாக்கத்துக்கு வடக்கே இருக்கும் அந்தக் குப்பத்தில், போன படகு திரும்புகிறவரை எத்தனை என்று ஒருவரும் வாயைத் திறக்க மாட்டார்கள். விரலைக்கூட மடக்க மாட்டார்கள். ரேணுகாவோ, சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் ஒரு வேலை கிடைக்கும் என்ற ஆசையில் போனில் பைத்தான் என்ற கணினி மொழியைப் படித்துக்கொண்டிருந்தாள். அதற்குள்ளேயே செய்து வைத்த ஏவலாட்கள் உண்டு. பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் போதும். பிரிண்ட், சொன்னதைத் திரையில் காட்டும். சார்ட்டட், வரிசையாக அடுக்கும். லென், எத்தனை என்று சொல்லும். பாடம் நடத்தினவர் ஆப்பிள், ஆரஞ்சு என்று பட்டியல் போட்டார். ரேணுகாவுக்கு மனப்பாடமான பட்டியல் வேறு. அன்று விடியலில் போன படகுகளின் பெயர்களைத் தட்டினாள். லென் பதினொன்று என்றது.

மாமியார் தனகோடி எட்டிப் பார்த்துவிட்டாள்.

"இன்னாடி இது? போன படகையா எண்ணிக்கினு கீற?"

"நான் எங்க அத்த எண்ணுனேன்? மெஷினு எண்ணுது."

"மெஷினுக்குப் புருஷன் கடல்ல கீறானா?"

பத்து மணிக்கு வாடைக்காற்று முறுக்கிக்கொண்டது. ஏழு படகுகள் கரையேறின. ரேணுகாவின் புருஷன் அரசுவும் வந்துவிட்டான். மற்றவை தெற்கே தள்ளிப்போய் ஆலம்பரையில் ஏறியிருக்கும் என்று அவரவர் சாப்பிடப் போனார்கள். எப்போதும் அப்படித்தான். ரேணுகா ஆலம்பரை டீக்கடைக்குப் போன் போட்டாள். அங்கே மூன்று. வந்த பெயர்களைத் தட்டினாள். பத்து. மறுபடி தட்டினாள். பத்துதான்.

பன்னிரண்டு மணிக்கே ஊர்ப் பெரியவர் கோதண்டராமனிடம் ஓடினாள். "மாமா, தேசப்பன் அண்ணன் படகு எங்கியும் ஏறல."

"வாயக் கழுவு மொதல்ல," என்றார் அவர்.

மூன்று மணிக்குத்தான் தேடப் போனார்கள். தேசப்பன் காலி டீசல் கேனைக் கட்டிப்பிடித்து மிதந்துகொண்டிருந்தான். கூடப் போன தம்பி சரவணகுமார் அரைமணி நேரத்துக்கு முன்னால்தான் கையை விட்டானாம். அந்த அரைமணியைப் பற்றி யாரும் பேசவில்லை. அவள் எண்ணினதைப் பற்றித்தான் பேசினார்கள்.

எல்லாரையும்விட உரக்கப் பேசினவள் அடுத்த வீட்டு ஞானம்பாள். ரேணுகா குழாயடிக்கு வந்தால் குடத்தைத் தூக்கிக்கொண்டு தள்ளி நிற்பாள். படகு கடலில் இறங்கும் நேரத்தில் ரேணுகாவின் முகம் யார் கண்ணிலும் படக்கூடாது என்று கதவைச் சாத்த வைத்தார்கள். "இன்னொரு தபா எண்ணுன, இந்த வூட்டு வாசப்படி ஏறாத," என்றாள் தனகோடி. அரசு தலையைக் குனிந்துகொண்டு வலையைச் சரிபார்த்தான்.

ஒரு மாதம் ரேணுகா லென்னைக் கூப்பிடவில்லை. பாடத்தில் அதைத் தாண்டிப் போனாள்.

பிறகு ஒரு நாள், சாத்திய கதவுக்குப் பின்னால் இருந்தபடியே வாடை திரும்பும் சத்தம் கேட்டாள். ஓலையெல்லாம் ஒரே பக்கம் படுத்தது. அரசு வந்து படுத்துவிட்டான். ரேணுகா ஜன்னல் வழியாகக் கரையைப் பார்த்தாள், டீக்கடைக்குப் போன் போட்டாள், தட்டினாள். போனது ஒன்பது. வந்தது எட்டு. இரண்டு பட்டியலையும் சார்ட்டட் அடுக்கிக் காட்டியது. வந்ததில் இல்லாதது ஞானம்பாளின் மகன் கலைவாணன் படகு.

வெளியே குழாயடியில் ஞானம்பாளின் சிரிப்புச் சத்தம் கேட்டது. மகன் ஆலம்பரையில் ஏறியிருப்பான் என்றுதான் அவளும் நினைத்துக்கொண்டிருந்தாள்.

தனகோடி கதவில் முதுகைச் சாய்த்து நின்றாள். "எத்தினின்னு சொல்லாத. என் காதுல வுழக்கூடாது."

"சொல்லல அத்த. நவுருங்க."

"போனா போனதுதான்டி. திரும்பி இந்தப் படி ஏற முடியாது."

"தெரியும்."

ரேணுகா அவள் தோளை மெதுவாக ஒதுக்கித் தாழ்ப்பாளை விலக்கினாள். மணி பதினொன்றரை. போனைக் கையில் பிடித்துக்கொண்டு படியிறங்கி, நேரே ஞானம்பாளைப் பார்த்து நடந்தாள்.