மேலத் தோப்புக்குச் சொல்லாத தீ

துல்கர்னைனைப் போல் ஒரு பயந்தாங்கொள்ளியை நான் பார்த்ததில்லை. முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறேன், அவனும் ஆமாம் என்பான். சின்ன வயதில் தென்காசியில் அவன் வாப்பா தறி போட்டிருந்தார். இடி இடித்தால் இவன் தறிக்குழிக்குள் இறங்கி உட்கார்ந்துகொள்வான். கல்யாணத்தன்று மாப்பிள்ளையை ஏற்றிவரக் குதிரை கொண்டுவந்து நிறுத்தினார்கள். குதிரை தலையை ஒரு ஆட்டு ஆட்டியதும் இவன் என் லோடு ஆட்டோவில் ஏறிவிட்டான். மாலையும் கழுத்துமாக வைக்கோல் தூசி மேல் நின்றபடி பெண் வீட்டில் வந்து இறங்கினான். அவன் பெண்டாட்டி ஃபாயிஸா அதை இன்றைக்கும் சொல்லிக் காட்டுவாள்.

இப்படிப்பட்டவன் கல்ஃபுக்குப் போய் பாலைவனத்தில் வேலை பார்த்தான். லீவு நாளில் அரபிகள் குடும்பத்தோடு வந்து மணலில் கூடாரம் அடித்துத் தங்குவார்களாம். அந்தியானதும் தீ வளர்த்துக் கொடுப்பதும் அது அணையாமல் பார்த்துக்கொள்வதும் இவன் பொறுப்பு. அரபிப் பிள்ளைகள் தீயைச் சுற்றி உட்கார்ந்து சிரிக்கும். இவன் ஓரமாகக் குத்தவைத்து விறகு எடுத்துப் போடுவான். மகள் ஷிஃபா வளர்ந்ததெல்லாம் போனில்தான். ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் போனை அந்தத் தீக்கு நேராகத் திருப்பிக் காட்டி, ஊருக்கு வந்ததும் உனக்கும் இதே மாதிரி என்று சொல்லி வைத்திருந்தான். பிள்ளை அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது.

போன வருஷம் கம்பெனியில் ஆளைக் குறைத்தபோது வந்து சேர்ந்தான். குத்துக்கல்வலசையில் வீடு இருந்தது. ஐந்தருவிக்கு அங்கிட்டு மலையடிவாரத்தில், என் வாழைக்குப் பக்கத்துத் தோப்பைக் குத்தகைக்கு எடுத்தான். மாவும் தென்னையும் நின்ற தோப்பு. மகளோடு சேர்ந்து இருந்த பழக்கமே இல்லாததால் அவளை அதட்ட அவனுக்குத் தெரியவில்லை. அது அவளுக்கும் தெரியும். அவன் சாப்பிடக் கூப்பிட்டால் வரமாட்டாள். ஃபாயிஸா அடுப்படியிலிருந்து ஒரு பார்வை பார்த்தால் வந்துவிடுவாள்.

சித்திரையில் பிறந்தநாள். பள்ளிக்கூடம் லீவு. கேம்ப் ஃபயர் வேண்டும், தோப்பில்தான் வேண்டும் என்று பிள்ளை நின்றது. துல்கர்னைன் என்னிடம் வந்தான். விறகு கேட்டு வந்தவனிடம் நான் முதலில் வேண்டாம் என்றுதான் சொன்னேன்.

எங்கள் பக்கத்துத் தோப்புகளில் அந்திக்கு மேல் யாரும் சும்மா தீ போடுவதில்லை. சித்திரையில் மலை காய்ந்து கிடக்கும், மாவும் பலாவும் பழுத்து மணக்கும். தண்ணிக்கும் பழத்துக்கும் யானை இறங்குகிற மாதம் அது. ஒரு தோப்பில் யானை வந்துவிட்டால் அங்கே இருக்கிறவன் தீயைப் போட்டுச் சத்தம் கொடுப்பான். அக்கம்பக்கத்துத் தோப்புக்காரன் தீயைப் பார்த்ததும் தன் பக்கம் வராமல் இருக்க வெடி போடுவான். போன் வந்த பிறகும் இதுதான் பழக்கம், அங்கே பாதி இடத்தில் டவர் கிடையாது. அந்தியில் தீ தெரிந்து கூச்சலும் கேட்டால் யானை என்றுதான் அர்த்தம். பிறந்தநாள் என்று எவனும் நினைக்கமாட்டான்.

இதை எடுத்துச் சொன்னேன். அவன் முகம் வெளுத்தது. ஆனாலும் பிள்ளைக்கு வாக்குக் கொடுத்துவிட்டானே. சரி, சுற்றி இருக்கிற எல்லாத் தோப்பிலும் நீயே போய்ச் சொல்லிவிடு, வெடி ஒன்றும் போடக் கூடாது என்று சொல் என்றேன். போய்ச் சொல்லிவிட்டு வந்ததாகச் சொன்னான்.

அன்றைக்கு அவன் பண்ணின ஏற்பாட்டைப் பார்த்து எனக்கே சிரிப்பு வந்தது. சருகெல்லாம் கூட்டி அள்ளியிருந்தான். தீ போடுகிற இடத்தைச் சுற்றி மண்ணைக் கொத்தி நனைத்திருந்தான். குடம் குடமாகத் தண்ணீர். மண்ணெண்ணெய் கூடாது, சிரட்டையும் புளியங்கட்டையும்தான். தெருப் பிள்ளைகளை என் ஆட்டோவில் ஏற்றி வந்தேன். கேக் வெட்டினார்கள். சுட்டுத் தின்பதற்கு ஒரு சாக்கு மக்காச்சோளம் வாங்கிப் போட்டிருந்தான். அந்தப் பாலைவனத்து வேலை கையிலேயே இருந்தது. புகை இல்லாமல், ஆளுயரம் போகாமல், அழகாக வளர்த்தான் தீயை. பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து பாடினார்கள், கத்தினார்கள். ஷிஃபா வந்த பரிசுப் பெட்டிகளை எல்லாம் தன்னைச் சுற்றி அடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்குப் போய்த்தான் பிரிப்பேன் என்று ஒன்றையும் தொடவிடவில்லை.

இருட்டுக் கட்டுகிற நேரம். மேலே மலைப் பக்கம் ஒரு வெடி வெடித்தது.

பிள்ளைகள் கை தட்டினார்கள். தங்களுக்குத்தான் வெடி போடுகிறார்கள் என்று நினைத்துவிட்டார்கள். அடுத்தது வெடித்ததும் இன்னும் போடு, இன்னும் போடு என்று கத்தினார்கள். மேலத் தோப்பிலிருந்துதான் சத்தம். அங்கே இசக்கிமணி என்று புதிதாக ஒரு காவலாள் வந்திருந்தான். துல்கர்னைனைத் தனியாக இழுத்துக்கொண்டு போனேன்.

"மேலத் தோப்புல சொன்னியாலே?"

அவன் மேலே மலைப் பக்கம் திரும்பிப் பார்த்தான். "கேட்டு வாசல் வரைக்கும் போனேன் அண்ணாச்சி. நாய அவுத்து விட்டிருந்தான். கூப்பிட்டேன், ஆளு வரல. திரும்பிட்டேன்."

"எங்கிட்ட வந்து சொல்ல வேண்டியதுதானல?"

"நீங்க ஏசுவியன்னு..."

ஏசுவதற்கு நேரமில்லை. இசக்கிமணிக்குப் போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. வெடிச் சத்தத்தில் அவனுக்கு எங்கே கேட்கும். எங்கள் தீயைப் பார்த்துவிட்டு, இந்தப் பிள்ளைகளின் கூச்சலையும் கேட்டுவிட்டு, யானை கீழே நிற்கிறது என்று அவன் பாட்டுக்குப் போட்டுக்கொண்டிருந்தான். அது மட்டும் என்றால் பரவாயில்லை. மேலத் தோப்பின் பின்பக்கம் ஒரு பெரிய பலா நின்றது. அங்கிருந்து கிளை முறிகிற சத்தம் கேட்டது. அவன் தோப்பிலேயே யானை நின்றிருக்கிறது. நிற்பது தெரியாமலே அவன் அதைக் கீழே விரட்டிவிட்டிருக்கிறான், எங்களைப் பார்த்து.

சிமெண்டு போட்ட மோட்டார் ரூம் ஒன்று இருந்தது, இரும்புக் கதவு. பிள்ளைகளைச் சத்தம் போடாமல் எழுப்பி உள்ளே போகச் சொன்னேன். என் மூஞ்சியைப் பார்த்தாலே பிள்ளைகள் பயப்படும், அன்றைக்கு அது உதவியது. ஒருத்தர் பின்னால் ஒருத்தராக ஓடி உள்ளே போனார்கள். ஃபாயிஸா வாசலில் நின்று உள்ளே தள்ளினாள். ஷிஃபா மட்டும் எழுந்திருக்கவில்லை. பெட்டிகளை விட்டுவிட்டு வரமாட்டாளாம்.

துல்கர்னைன் போய் அவளைத் தூக்கப் பார்த்தான். உடம்பை விறைத்துக்கொண்டு கத்த ஆரம்பித்தாள். "விடுங்க. இது என் பொறந்தநாளு. நான் வரல." அந்தச் சத்தத்துக்கு மா மரங்களுக்கு நடுவில், கூட்டாமல் கிடந்த சருகு நொறுங்கியது. அவன் அப்படியே கையை எடுத்துவிட்டான். இனித் தூக்கினால் கத்துவாள், கத்தினால் அது நேரே வரும். அவள் பக்கத்தில் மெல்ல உட்கார்ந்தான்.

இரண்டு மரங்களுக்கு இடையில் இருந்த இருட்டு அசைந்தது. பிறகு தீ வெளிச்சம் அதன் நெற்றியில் விழுந்தது. ஒற்றைக் கொம்பன்.

ஃபாயிஸா வெளியே பாய்ந்தாள். நான் அவளை உள்ளே தள்ளி, கதவை ஒருக்களித்துச் சாத்தி மறித்துக்கொண்டேன். ஓடுகிற ஆளைப் பார்த்தால் அது துரத்தும். அவள் என் சட்டையைப் பிடித்துக் கிழித்தாள், ஆனால் சத்தம் போடவில்லை. நான் போயிருக்கலாமே என்று கேட்பீர்கள். எனக்குக் கால் எழவில்லை. கதவு இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

காதை ஆட்டிக்கொண்டிருந்தால் யானை சாதாரணமாக இருக்கிறது என்பார்கள். அது காதை ஆட்டவே இல்லை. தீக்கு அங்கிட்டு அது, இங்கிட்டு அவர்கள் இருவரும். ஷிஃபா இப்போதுதான் பார்த்தாள். வாய் திறந்தபடியே இருந்தது, சத்தம் வரவில்லை. துல்கர்னைன் அவளைப் பார்க்காமலே, தீயைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னான், எனக்கே காதில் விழுந்தும் விழாமலும்:

"அசையாத தாயி. தீ எரியுத வரைக்கும் வராது. எனக்கும் பயமாத்தான் இருக்கு."

சோளச் சாக்கு தீக்கு அந்தப் பக்கம் கிடந்தது. யானை அதை மிதித்துப் பிரித்து, ஒவ்வொரு கதிராக எடுத்துத் தின்ன ஆரம்பித்தது. நின்று நிதானமாகத் தின்றது. அது தின்னத் தின்ன இங்கே தீ இறங்கிக்கொண்டே வந்தது. துல்கர்னைன் கைக்கு எட்டின கட்டைகளை ஒவ்வொன்றாக, உடம்பு அசையாமல், கையை மட்டும் நீட்டி எடுத்துப் போட்டான். சிரட்டையைப் போட்டான். விறகுக் குவியல் எழுந்து போய் எடுக்கிற தூரத்தில் இருந்தது. எழுந்திருக்க முடியாது. கைக்கு எட்டினது எல்லாம் தீர்ந்தது. செருப்பைக் கழற்றிப் போட்டான். தோளில் கிடந்த துண்டைப் போட்டான். அது ஒரு நொடி எரிந்து அடங்கியது. வெளிச்சம் சுருங்கியது. யானை தும்பிக்கையைத் தூக்கி ஒரு அடி முன்னால் வைத்தது.

எனக்குப் பின்னால் பிள்ளைகள் மூச்சு விடுகிற சத்தம் மட்டும் கேட்டது. ஃபாயிஸா என் முதுகில் நெற்றியை முட்டிக்கொண்டு ஓதிக்கொண்டிருந்தாள்.

அப்போது ஷிஃபா பக்கத்தில் இருந்த ஒரு பெட்டியை எடுத்து அவன் கையில் கொடுத்தாள். பளபளப்புக் காகிதம் சுற்றின பெட்டி. அவன் வாங்கிப் போட்டான். குப்பென்று பிடித்தது. யானை நின்றது. அடுத்த பெட்டியைக் கொடுத்தாள். அவன் கேட்கவில்லை, அவளும் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. பெட்டி கருகி அமுங்குகிற நேரம் பார்த்து அடுத்ததை நீட்டினாள். ஏதோ பிளாஸ்டிக் உருகி நாற்றம் எடுத்தது. ஒரு பெட்டிக்குள் பேட்டரி பொம்மை இருந்திருக்கும் போலிருக்கிறது, தீக்குள் கிடந்து கொஞ்ச நேரம் பாட்டுப் பாடிவிட்டு அடங்கியது. யானை காதை விரித்தது. துல்கர்னைனின் தோள் நடுங்குவது இங்கிருந்தே தெரிந்தது. கை மட்டும் நடுங்காமல் அடுத்ததை வாங்கிப் போட்டது.

எவ்வளவு நேரம் என்று எனக்குச் சொல்லத் தெரியாது. மேலே வெடி நின்றது. இசக்கிமணியிடம் தீர்ந்துவிட்டதோ, என் போனைப் பார்த்தானோ. சத்தம் ஓய்ந்த பிறகு யானை கொஞ்சம் நின்று பார்த்தது. கேக் வைத்த மேஜையைத் தும்பிக்கையால் ஒரு ஓரமாகத் தள்ளிவிட்டு, ஓடைப் பக்கம் திரும்பி இறங்கியது. மூங்கில் முறிகிற சத்தம் தூரத் தூரப் போனது. அதுவும் கேட்காமல் போன பிறகுதான் நான் கதவை விட்டு நகர்ந்தேன்.

ஃபாயிஸா ஓடினாள். நான் பின்னால் போனேன். பேசலாமா கூடாதா என்று தெரியாமல் பிள்ளைகள் வாசலிலேயே நின்றன. துல்கர்னைன் உட்கார்ந்த இடத்தை விட்டு எழவில்லை. வாய் கோணி, பல் கிட்டிப்போய் இருந்தது. யானை போன திசையைப் பார்த்தபடியே இருந்தான். போய்விட்டது துல்லு என்று தோளைத் தொட்டேன். என்னைத் தெரிந்த மாதிரியே இல்லை.

ஷிஃபா உம்மாவின் கைக்குள் போகவில்லை. மடியில் கடைசிப் பெட்டி ஒன்று மிச்சம் இருந்தது, எல்லாவற்றிலும் பெரியது. அதை இரண்டு கையாலும் தூக்கி அவன் முன்னால் நீட்டிக்கொண்டே இருந்தாள்.

"இதையும் போடணுமா?" என்று அவனிடம் கேட்டாள்.