ஓரம் மட்டும் தெரிந்த காகிதங்கள்

தலைமையாசிரியை ஆன பிறகு நான் பாடம் நடத்தியதைவிடப் படம் அனுப்பியதுதான் அதிகம். மரம் நட்டால் படம், உறுதிமொழி எடுத்தால் படம், பிள்ளைகள் கை கழுவினால் படம். காரைக்குடியில் டவுன் பஸ் ஏறும்போதே வாட்ஸ்அப் குழுக்கள் விழித்துக்கொள்ளும். கண்டரமாணிக்கம் தாண்டி, பள்ளி வாசலில் இறங்குவதற்குள் நாலு பேர் அவசரம் என்று கேட்டிருப்பார்கள். “டென்ஷனைக் குறைங்க” என்றார் டாக்டர், ரத்த அழுத்த மாத்திரையை அரையிலிருந்து ஒன்றாக்கிக்கொண்டே.

உண்மையைச் சொன்னால், ஒரு வேலையை இன்னொருவரை நம்பிக் கொடுக்கிற குணம் எனக்குக் கிடையாது. எல்லாவற்றையும் இழுத்துப் போட்டுக்கொண்டு, பிறகு முடியவில்லை என்று வீட்டில் எரிந்து விழுகிற ரகம்.

மூன்று மணிக்கு எங்கள் எழுத்தர் கையெழுத்துக்கான காகிதங்களைக் கொண்டுவருவார். ஒன்றின்மேல் ஒன்றாக, கையெழுத்திடும் ஓரம் மட்டும் தெரியும்படி அடுக்கியிருப்பார். நேரம் மிச்சமாகும் என்று நானே சொல்லிக்கொடுத்த முறை அது. பச்சை மைப் பேனாவைத் திறந்தால் முப்பது கையெழுத்துக்கு இரண்டு நிமிடம். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

போன வருடம் ஒருநாள், பதினொன்றாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் அம்மா என்னைப் பார்க்க வந்தார். காரைக்குடியில் ஓட்டலாக மாற்றப்பட்ட பெரிய வீடொன்றில் சமையல் வேலை அவருக்கு.

“டீச்சர், புள்ளைய நிப்பாட்டி மில்லுக்கு அனுப்பணும்னு அவுக அப்பா ஒத்தக்கால்ல நிக்கிறாரு. நீங்க ஒரு வார்த்த சொன்னீகன்னா கேப்பாரு.”

“கொஞ்சம் வெளிய உக்காருங்கம்மா, இந்தா கூப்பிடுறேன்” என்றேன். அன்று யோகா நாள் படங்கள் போகவில்லை என்று மேலிடத்திலிருந்து மூன்றாவது முறையாகக் கேட்டிருந்தார்கள். வகுப்புவாரியாகப் பிரித்து, தலைப்புப் போட்டு, ஒவ்வொன்றாக அனுப்பிவிட்டுத் தலை நிமிர்ந்தபோது வெளியே பெஞ்சு காலியாக இருந்தது. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டாராம். நாளைக்கு வருவார் என்று நினைத்துக்கொண்டேன்.

அவர் வரவில்லை. பத்து நாள் கழித்து வகுப்பாசிரியையிடம் அந்தப் பெண் எங்கே என்று கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

“டிசி வாங்கிட்டுப் போயிட்டாளே. நீங்கதான டீச்சர் கையெழுத்துப் போட்டீக?”

அலுவலக நகலை எடுத்துப் பார்த்தேன். பச்சை மை, என் கையெழுத்து, சந்தேகமே இல்லை. அப்பாவின் விண்ணப்பத்திலும் போட்டிருந்தேன். எழுத்தரைத் திட்ட வாயெடுத்தேன். அவர் செய்தது நான் சொன்னதைத்தான். எனக்கு அவமானமாக இருந்தது.

அந்தச் சனிக்கிழமை இணையவழிப் பயிற்சியை விட்டுவிட்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். பயிற்சியின் தலைப்பு, மன அழுத்த மேலாண்மை. அம்மா வேலைக்குப் போயிருந்தார். அப்பா நாற்காலியைத் துடைத்துப் போட்டார். மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை.

“வேணாம்னா அன்னைக்கே சொல்லியிருக்கலாமே டீச்சர். நீங்க கையெழுத்துப் போட்டுக் குடுக்கவும் சரின்னுட்டீகன்னுல்ல நெனச்சேன். அவ போயி ஒரு வாரமாச்சு.”

போன் போட்டுக் கொடுத்தார். திரும்பி வா, உடனே சேர்த்துக்கொள்கிறேன் என்று அந்தப் பெண்ணிடம் கெஞ்சாத குறையாகச் சொன்னேன். “இங்குட்டுப் பழகிருச்சு டீச்சர்” என்றாள். பின்னால் எந்திரங்களின் இரைச்சலில் அதற்குமேல் எதுவும் சரியாகக் கேட்கவில்லை.

திங்கட்கிழமை காகிதங்களை ஒவ்வொன்றாக வைக்கச் சொன்னேன். மூன்று குழுக்களிலிருந்து வெளியேறினேன். படமெடுக்கும் வேலையை உடற்கல்வி ஆசிரியரிடம் கொடுத்தேன். அவர் எடுத்தால் பாதித் தலைகள் இருக்காது, இருந்துவிட்டுப் போகட்டும். ஒரே விவரத்தை எழுதிய நான்கு பதிவேடுகளில் மூன்றை மூடினேன். தாமதத்துக்கு இரண்டு முறை விளக்கம் கேட்டார்கள், எழுதிக் கொடுத்தேன். வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை. விழாது என்று முன்பே தெரிந்திருந்தால் என்று நினைக்கும்போதுதான் வயிறு எரிகிறது. அசதி மட்டும் இன்னும் போகவில்லை.

இரண்டு மாதம் கழித்து டவுன் பஸ்ஸில் அந்த அம்மாவைப் பார்த்தேன். என்னைக் கண்டதும் நகர்ந்து இடம் கொடுத்தார். வீட்டில் ஒத்திகை பார்த்து வைத்திருந்த மன்னிப்பில் பாதிதான் வாயில் வந்தது.

“இனிமே எப்ப வேணும்னாலும் வாங்கம்மா. எந்த வேல இருந்தாலும் உங்கள காக்க வைக்க மாட்டேன்” என்றேன்.

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

“இனிமே அங்க வந்து நான் என்ன டீச்சர் செய்ய? எனக்கு இருக்கிறது அவ ஒரு புள்ளதான.”